முகமும் உரிமையும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. மகிழ்ச்சியும் துயரமும், அன்பும் சினமும் முதற்கண் தோன்றும் இடம் முகமே ஆகும். அரசனின் கருத்தை அமைச்சன் அறிதற்கும், காதலர் ஒருவர் உள்ளத்தை ஒருவர் அறிதற்கும் முகக்குறிப்பே துணை என்று கண்டார் திருவள்ளுவர். ஆதலின் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வகுத்தார். முகத்தைப் பார்த்து உள்ளத்தை உணர்தல் பண்டு சிறந்த அறிவாகப் போற்றப்பட்டது. இக்காலத்திலோ, உள்ளத்தைச் சிறிதும் உணராமல், முகத்தைக் கொண்டே ஒருவருடைய பெயரையும் ஊரையும் தொழிலையும் கண்டுபிடித்துக் கூறும் பொறி தோன்றியுள்ளது. அப்பொறியால் விளையும் நன்மை யாது, தீமை யாது, அதற்கு இடவேண்டிய எல்லை யாது என்று ஆராய்தல் இற்றை மாணவர்க்கு இன்றியமையாததாகும்.

புதுவை நகரின் வடமேற்கே மேட்டுப்பாளையம் என்னும் ஊர் உள்ளது. கோவை மாவட்டத்தில் நீலகிரியின் அடிவாரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையம் வேறு, இது வேறு. இவ்வூரில் தொழிற்பேட்டை ஒன்றும், லாரிகள் தங்கிச் செல்லும் முனையம் ஒன்றும் இருக்கின்றன. காலையில் ஆலை வேலைக்குச் செல்வோரும், தொலைவிலிருந்து சுமை ஏற்றி வந்த ஓட்டுநரும், புத்தகப்பை சுமந்த பிள்ளைகளும் ஒரே சாலையில் செல்வர். அச்சாலையோரத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். நாள்தோறும் வருகின்ற தொழிலாளியை அம்முதியவர் முகத்தால் அறிவார். அவன் சர்க்கரை குறைத்துக் குடிப்பவன் என்பதும், இரண்டு நாளாக அவன் வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் அத்தொழிலாளிக்கு யாதொரு கேடும் இல்லை. மாறாக, 'உடம்புக்கு என்ன தம்பி?' என்று கேட்பதற்கு ஒருவர் இருக்கின்றார் என்னும் ஆறுதலே உண்டு.

இவ்வாறு மனிதர் மனிதரை அறியும் அறிவுக்கு மூன்று இயல்புகள் உள்ளன. முதலாவது, அது இருவழிப்பட்டது. கடைக்காரர் தொழிலாளியை அறிவது போலவே தொழிலாளியும் கடைக்காரரை அறிவான். இரண்டாவது, அதற்கு எல்லை உண்டு. மேட்டுப்பாளையத்துக் கடையில் அறிமுகமான முகம் முத்தியால்பேட்டையில் அயல்முகமாகிவிடும். மூன்றாவது, அது மறதியோடு கூடியது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவன் எவருடன் நடந்து சென்றான் என்பதை ஊர் மறந்துவிடும். இளமையில் செய்த சிறு பிழைகளிலிருந்து ஒருவன் திருந்தி வாழ்வதற்கு ஊராரின் மறதியும் ஒரு துணையன்றோ?

கணினியின் அறிவு இம்மூன்றுக்கும் மாறானது. அது ஒருவழிப்பட்டது, பார்க்கப்படுவோன் தன்னைப் பார்ப்பவன் யார் என்பதை அறியான். அதற்கு எல்லை இல்லை. புதுவையில் எடுத்த படத்தைப் போலந்து நாட்டில் இருப்பவனும் தேடிப் பார்க்கலாம். அதற்கு மறதியும் இல்லை. சேர்த்து வைத்த படத்தை ஒருவர் அழித்தாலன்றி அது தானே அழியாது. தேநீர்க் கடைக்காரர் அறிவதையும் கணினி அறிவதையும் ஒன்றென எண்ணுவோர் இவ்வேறுபாட்டை மறந்தவராவர்.

முகத்தைக் கணினி அறியும் முறை வியப்புக்குரியது. முதலில் அது ஒரு படத்தில் முகம் எங்கே இருக்கின்றது என்பதைக் கண்டுகொள்கின்றது. பின்னர் அம்முகத்தின் அமைப்பினை நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றுகின்றது. ஒருவருடைய இரண்டு படங்கள் தரும் எண்வரிசைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியும், வெவ்வேறு மனிதரின் எண்வரிசைகள் விலகியும் இருக்கும்படி, பன்னூறாயிரம் படங்களைக் காட்டி அதனைப் பயிற்றுகின்றனர். இவ்வரிசையை முகத்தின் கைரேகை எனலாம். ஆயின், கைரேகை பதிக்க ஒருவன் விரல் நீட்ட வேண்டும். முகத்தைப் பதிக்க அவன் இசைவே வேண்டா. சாலையில் நடந்து சென்றாலே போதும்.

இப்பொறியின் பயன்பாடு இருவகைப்படும். ஒன்று, 'இவர் இன்னார்தாமா?' என்று சரிபார்ப்பது. கைப்பேசி தன் உரிமையாளரின் முகம் கண்டு திறப்பதும், 2022-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் இந்திய வானூர்தி நிலையங்களில் நடைபெறும் 'டிஜி யாத்ரா' முறையும் இவ்வகையின. இங்கே ஒரு முகம் ஒரு படத்தோடு ஒப்பிடப்படுகின்றது. முகத்துக்கு உரியவர் தாமே முன்வந்து நிற்கின்றார். மற்றொன்று, 'இவர் யார்?' என்று தேடுவது. இங்கே ஒரு முகம் கோடிக்கணக்கான முகங்களோடு ஒப்பிடப்படுகின்றது. அக்கோடிப் பேரில் ஒருவரும் அதற்கு இசைந்தவரல்லர். பூட்டைத் திறக்கும் சாவியும், ஊரார் வீடுகளையெல்லாம் திறக்கும் கள்ளச் சாவியும் ஒரே இரும்பால் ஆனவை என்பதனால் ஒன்றாகிவிடுமோ?

மேட்டுப்பாளையத்து மாணவி ஒருத்தி புதுவைக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே தோழியருடன் நிற்கின்றாள் எனக் கொள்ளலாம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சிலையைப் படம் எடுக்கின்றார். அப்படத்தின் ஓரத்தில் அவள் முகமும் விழுந்துவிடுகின்றது. படம் இணையத்தில் ஏறுகின்றது. பள்ளி ஆண்டுவிழாப் படம் ஒன்றும் அவள் பெயருடன் வேறோரிடத்தில் இருக்கின்றது. சில ஆண்டுகள் சென்றபின், பேருந்தில் அவள் எதிரே அமர்ந்த அறிமுகமில்லாத ஒருவன் தன் கைப்பேசியால் அவளை மறைவாகப் படம் பிடிக்கின்றான். முகம் கொண்டு தேடும் தளத்தில் அப்படத்தை இடுகின்றான். சில நொடிகளில் இரண்டு படங்களும் அவன்முன் தோன்றுகின்றன. அவள் பெயரும் பள்ளியும் அவனுக்குத் தெரிந்துவிடுகின்றன. அவள் அவனிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. தான் தேடப்பட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியாது.

இது வெறுங்கற்பனை அன்று. இவ்வகைத் தேடலின் தீங்கினைக் கணினித் துறையினரே முன்னர் உணர்ந்தனர். கூகுள் நிறுவனம் இத்தகைய கருவியை உருவாக்கியும் வெளியிடாமல் நிறுத்திக்கொண்டது என்று அதன் தலைவராயிருந்த எரிக் சுமிட்டு 2011-இல் கூறினார். பேசுபுக்கு நிறுவனம் நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் முகக் குறிப்புகளை அழித்துவிடுவதாக 2021 நவம்பரில் அறிவித்தது. ஆயினும், பெரியோர் தயங்கி நின்ற வாயிலில் பிறர் துணிந்து நுழைந்தனர். போலந்து நாட்டில் தோன்றிய 'பிம்ஐசு' என்னும் தளம் எவரும் எவர் முகத்தையும் தேட வழி திறந்தது. குழந்தைகளின் முகங்களைத் தேடுவதற்கு 2023-இல்தான் அது தடையிட்டது. அமெரிக்காவின் 'கிளியர்வியூ' நிறுவனம் மக்கள் இணையத்தில் இட்ட படங்களில் முந்நூறு கோடிக்கு மேல் திரட்டிக் காவல்துறையினர்க்கு விற்கின்றது என்னும் செய்தியை 2020-இல் 'நியூயார்க்கு டைம்சு' நாளிதழ் வெளிப்படுத்தியது.

இப்பொறியால் நன்மையே இல்லை என்று கூறுதல் நடுவுநிலைமை ஆகாது. காணாமற்போன குழந்தையைப் பெற்றோரிடம் சேர்ப்பதனினும் சிறந்த அறம் யாது? 2018 ஏப்ரலில் தில்லிக் காவல்துறையினர், காப்பகங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 45,000 குழந்தைகளின் முகங்களை இப்பொறியால் ஒப்பிட்டு, நான்கு நாட்களில் ஏறத்தாழ 3,000 பேரை இன்னார் என அறிந்ததாகச் செய்தி வந்தது. கேட்டோர் மகிழ்ந்தனர். ஆயின், அதே ஆண்டு ஆகத்து மாதத்தில், தில்லி உயர்நீதிமன்றத்தில் இம்முறையின் துல்லியம் நூற்றுக்கு இரண்டே என்று கூறப்பட்டது. அடுத்த ஆண்டில், அது நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தது என்றும், சிறுவனையும் சிறுமியையும்கூட அதனால் பிரித்தறிய இயலவில்லை என்றும் கூறப்பட்டது. நல்ல நோக்கம் இருத்தல் வேறு. நோக்கத்தை நிறைவேற்றும் தகுதி கருவிக்கு இருத்தல் வேறு.

பொறி பிழைபடுமாயின் வரும் கேட்டினை ஒரு சிறு கணக்கால் அறியலாம். பதினாயிரம் ஒப்பீடுகளில் ஒன்றே ஒன்று பிழையாகும் பொறி உண்டெனக் கொள்வோம். கேட்போர்க்கு அது மிகச் சிறந்த பொறியாகத் தோன்றும். ஆயின், பத்து லட்சம் படங்கள் உள்ள தொகுப்பில் ஒரு திருடனின் முகத்தைத் தேடினால், அப்பொறி குற்றமற்ற நூறு பேரைச் சுட்டிக் காட்டும். அந்நூற்றுவரில் ஒருவர் வீட்டுக் கதவை இரவில் காவலர் தட்டினால் அவர் நிலை என்னாகும்? 2020 சனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டு நகருக்கு அருகே கருப்பினத்தவர் ஒருவர், கடையில் கைக்கடிகாரம் திருடியவர் என இப்பொறி தவறாகக் காட்டியதனால், தம் மனைவி மக்கள் காண விலங்கிடப்பட்டார். முப்பது மணி நேரம் அளவு காவலில் இருந்தார். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பல பொறிகள் வெள்ளையர் முகங்களைவிட ஆசியர், ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆகியோர் முகங்களைப் பத்து முதல் நூறு மடங்கு மிகுதியாகத் தவறாகப் பொருத்தியது கண்டறியப்பட்டது. தன்னைப் போன்ற முகங்களைக் கண்டு பழகாத பொறியிடம் தன் மானத்தை ஒப்படைக்க எவர்தாம் விரும்புவர்?

பொறி பிழைபடாமல் இயங்கினாலும் தொல்லை தீர்ந்துவிடாது. திரட்டி வைத்த பொருளைத் திருடர் நாடுவர் என்பது உலகியற்கை. தமிழ்நாட்டுக் காவல்துறை 2021-ஆம் ஆண்டு முதல் முகமறி மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி வந்தது. 2024 மே மாதத்தில் அதன் இணையவாயிலுக்குள் அயலார் புகுந்தனர் என்னும் செய்தி வெளிவந்தது. அதனுள் நுழைவதற்குரிய கடவுச்சொல் ஒன்று அயலார் கைப்பட்டதே அதற்குக் காரணம் எனப்பட்டது. பணப்பெட்டியின் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். கடவுச்சொல் களவுபோனால் வேறு சொல் அமைக்கலாம். முகம் களவுபோனால் வேறு முகத்துக்கு எங்கே போவது? பிறந்தது முதல் இறப்பது வரை ஒருவனுக்கு வாய்த்தது ஒரே முகமன்றோ?

மாணவர்க்கு நேரே தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றும் கருதத்தக்கது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை அசோக்நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில், முகத்தைக் கண்டு வருகை பதியும் முறை தொடங்கப்பட்டது. ஆசிரியரின் நேரம் மிச்சமாகும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஏறத்தாழ அதே காலத்தில் சுவீடன் நாட்டின் செல்லெப்தேயோ நகரில் ஒரு பள்ளி, 22 மாணவரைக் கொண்டு இம்முறையைச் சோதித்தது. அந்நாட்டுத் தரவுக் காப்பு ஆணையம் 2019-இல் இரண்டு லட்சம் குரோனர் தண்டம் விதித்தது. பெற்றோர் இசைந்தனரே என்று பள்ளியினர் கூறினர். பள்ளியை நம்பியிருக்கும் பிள்ளை 'இசையேன்' என்று துணிந்து கூற இயலாதாகையால், அவ்விசைவு உண்மை இசைவு ஆகாது என்று ஆணையம் விடையிறுத்தது. பெயர் கூப்பிட்டு முடிக்கும் வேலைக்கு முகத்தைப் பதிவு செய்தல் தகாது என்பதே அம்முடிவின் கருத்து.

புதுவைக் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் பிரான்சு நாட்டில் வாழ்கின்றனர். அந்நாட்டிலும் இச்சிக்கல் எழுந்தது. நீசு, மார்சேய் ஆகிய நகரங்களில் இரண்டு பள்ளிகளின் வாயிலில் இப்பொறியை நிறுத்த முயன்றபோது, அந்நாட்டுத் தரவுக் காப்பு ஆணையம் 2019-இல் அது வேண்டாவென அறிவுறுத்தியது. மார்சேய் நிருவாக நீதிமன்றம் 2020 பிப்பிரவரியில் அம்முடிவை நீக்கியது. அவ்வாணையமே கிளியர்வியூ நிறுவனத்துக்கு 2022-இல் இரண்டு கோடி யூரோ தண்டம் விதித்தது. ஒருவர் உருவம் அவர்க்கு உரியது என்னும் எண்ணம் அந்நாட்டில் பழமையானது. 1858-இல் ராசேல் என்னும் புகழ்பெற்ற நடிகையார் மறைந்தபோது, மரணப்படுக்கையில் இருந்த அவர் உருவத்தைச் சிலர் வரைந்து வெளியிட்டனர். குடும்பத்தார் இசைவின்றி அதனை வெளியிடலாகாது என்று பாரிசு நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. ஒவ்வொருவர்க்கும் தம் தனிவாழ்வு மதிக்கப்படும் உரிமை உண்டு என்னும் விதி 1970-இல் அந்நாட்டு உரிமையியல் சட்டத்தில் இடம்பெற்றது.

இவ்வெண்ணம் அயல்நாட்டு இறக்குமதி என்று ஒதுக்குவாரும் உளர். தமிழ் இலக்கணம் கற்றவர் அவ்வாறு கூறார். வாழ்வை அகம், புறம் என இரண்டாகப் பகுத்தவர் தமிழர். போரும் கொடையும் புறத்தின்பாற்படும். அங்கே தலைவன் பெயரும் குடியும் ஊரும் வெளிப்படப் பேசப்படும். அன்பு வாழ்வு அகத்தின்பாற்படும். அங்கே எவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியர் விதித்தார். பெயர் மறைத்தால் மட்டும் போதுமோ? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் தலைவன் பெயரை யாண்டும் கூறவில்லை. ஆயினும் அவன் பாசறையில் வேப்பந்தழை கட்டிய வேல் ஒன்று காட்டப்படுகின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளம். அவ்வோர் அடையாளத்தால் இன்னான் என்பது வெளிப்பட்டுவிட்டமையின், அப்பாட்டு அகமாகாது புறமாயிற்று என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கருதினார். பெயர் கூறாவிடினும் அடையாளம் ஒன்று காட்டிக்கொடுத்துவிடும் என்னும் உண்மையை அப்புலவர்கள் எத்துணை நுட்பமாக உணர்ந்திருந்தனர்! அன்று வேப்பந்தழை செய்த வேலையை இன்று முகம் செய்கின்றது. பெயரிடாத படம்தானே என்று எண்ணி இணையத்தில் இடுவோர் இதனை உள்ளத்தில் கொள்ளல் வேண்டும்.

'குற்றம் செய்யாதவனுக்கு அச்சம் ஏன்? மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் முகம் காட்டத் தயங்குவானேன்?' என்று வினவுவோர் பலர். இவ்வினா வீட்டுக்குக் கதவு எதற்கு என்று வினவுவதைப் போன்றது. கதவைச் சாத்திக்கொள்வோர் அனைவரும் களவுப்பொருளைப் பதுக்குவோர் அல்லர். மருத்துவரிடம் செல்வோரும், வேறு வேலை தேடிச் செல்வோரும், கோயிலுக்கோ கூட்டத்துக்கோ செல்வோரும் குற்றவாளிகள் அல்லர். எனினும் தம் செலவுகளையெல்லாம் ஒருவன் குறித்து வைப்பதை அவர்கள் விரும்பார். 2021-இல் ஐதராபாத்து நகரில் சாலையில் சென்ற ஒருவரைக் காவலர் நிறுத்தி, முகக்கவசத்தை அகற்றுமாறு கூறிப் படம் எடுத்தனர். அவர் குற்றம் செய்தவர் அல்லர். எந்தச் சட்டத்தின்படி தம் முகம் பதியப்பட்டது என்று வினவி அவர் உயர்நீதிமன்றத்தை நாடினார். குடிமகன் கேட்கத்தக்க கேள்வி அதுவே.

இந்திய நீதிமன்றங்களும் இவ்வுரிமையை ஏற்றுள்ளன. தன்னைத் தனியே விடுமாறு கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று, நக்கீரன் இதழாசிரியர் தமிழ்நாட்டு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1994-இல் உச்சநீதிமன்றம் கூறியது. 2017 ஆகத்து 24-ஆம் நாள், புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தனர். 2023-இல் எண்ணிமத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம் பிறந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்பது அச்சட்டத்தின் நல்ல கூறு. ஆயினும் அதில் இரண்டு பெரிய இடைவெளிகள் உள்ளன. ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தரவை அச்சட்டம் காவாது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக மைய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கும் உண்டு. மகிழ்ச்சியால் ஒருவர் வெளியிட்ட திருமணப் படம் முகம் தேடுவோர்க்குத் தீனியாவது முதல் இடைவெளி வழியாகவே.

ஆதலின் செய்யத்தக்கன சில உள. சரிபார்க்கும் பொறிக்கு இடம் தரலாம். அதுவும் விரும்பாதோர்க்கு வேறு வழி வைத்தல் வேண்டும். பலருள் ஒருவரைத் தேடும் பொறியைத் தனியார் கையில் விடுதல் தகாது. காணாமற்போன குழந்தையையோ கொடிய குற்றவாளியையோ தேடும் அரசும், தெளிவான சட்டத்தின்கீழ், நீதிபதியின் ஒப்புதலோடு, குறித்த காலத்துக்கு மட்டுமே அதனைக் கையாளுதல் வேண்டும். பொறி சுட்டியது என்பதனால் மட்டும் ஒருவரையும் தளையிடலாகாது. பள்ளிகளில் வருகைப் பதிவேடு போதும். ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பதும் பிள்ளை எழுந்து விடை கூறுவதும் கல்வியின் ஒரு பகுதியே அன்றோ?

சட்டம் முழுமை பெறும்வரை மாணவர் வாளாவிருத்தல் தகாது. தோழன் ஒருவன் படத்தை வெளியிடுமுன் அவனைக் கேட்டல் சிறிய செயலே. ஆயினும் அது பெரிய அறத்தின் முதற்படி. அறிமுகமில்லாதோர் முகத்தை மறைவாகப் படம் பிடித்தலும், அதனைக் கொண்டு அவர் யார் எனத் துருவுதலும், பிறர் வீட்டுச் சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தலை ஒக்கும். பள்ளிச் சீருடையும் பெயரும் விளங்க எடுத்த படங்களைப் பொதுவில் இடாது காத்தல் தம்மையும் தம் தோழரையும் காத்தலாகும்.

மேட்டுப்பாளையத்துச் சாலையில் நாளையும் மக்கள் நடப்பர். தேநீர்க் கடைக்காரர் அவர்களை நோக்கிப் புன்னகை செய்வார். அவர்களும் புன்னகை செய்வர். முகத்தை மூடிக்கொண்டு வாழ்தல் வாழ்வாகாது. அன்பர்க்கும் அயலார்க்கும் அச்சமின்றி முகம் காட்டி நடக்கும் உரிமையே இங்குக் காக்கப்பட வேண்டுவது. முகம் ஊரார் அனைவரும் காண்பதற்கு உரியது. ஆனால் ஊரார் எவருக்கும் உடைமையன்று.